பழைய சர்வர் பிராசசர் இரண்டு போட்டால் வீடியோ எடிட்டிங் பறக்குமா? பட்ஜெட்டில் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"28 கோர், 56 திரெட், 128 ஜிபி ரேம், புது கம்ப்யூட்டரில் பாதி விலைதான்!" இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்தால், வீடியோ வேலை செய்யும் யாருக்கும் கை பரபரக்கும். சென்னை ரிச்சி தெரு கடைகளிலும் ஆன்லைன் சந்தையிலும் இரண்டு பிராசசர் கொண்ட பழைய ஒர்க்ஸ்டேஷன்கள் விற்பனைக்கு வருகின்றன. கல்யாண வீடியோ எடுப்பவர்கள், யூடியூபர்கள், அனிமேஷன் படிக்கும் மாணவர்கள் என பலரும் இதை விசாரிக்கிறார்கள்.

இது நல்ல டீல்தானா? சில வேலைகளுக்கு, கொடுக்கும் காசுக்கு மேலேயே பலன் தரும். சில வேலைகளுக்கு, சாதாரண புது கம்ப்யூட்டரிடம் தோற்றுப் போகும். உங்க வேலை எந்த ரகம்னு தெரிஞ்சுக்கிறதுதான் முதல் படி.

இவ்வளவு சக்தி எப்படி இவ்வளவு மலிவு?

இவை பெரும்பாலும் இன்டெல் ஜியான் ஈ5 வகை பிராசசர்கள். டேட்டா சென்டர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் செய்யப்பட்டவை. சில ஆண்டுகள் ஓடியதும் நிறுவனங்கள் மொத்தமாக மாற்றிவிடும். அப்படிக் கழித்துக் கட்டப்பட்டவை மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருவதால் விலை சரிகிறது.

உதாரணமாக, 2016-ல் வந்த ஜியான் ஈ5-2680 வி4-ல் 14 கோர், 28 திரெட் உண்டு. அப்போது இன்டெல் சொன்ன விலை ஒன்றுக்கு 1,745 டாலர். இன்று பழைய சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

எந்த பிராசசரையும் இரண்டாகப் போடலாமா?

முடியாது. வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் கோர் ஐ7, ரைசன் போன்றவை தனியாக மட்டுமே ஓடும். ஜியான் ஈ5 வரிசையில் பெயரைப் பார்த்தாலே தெரியும். ஈ5-1650 போல '1'-ல் தொடங்கினால் ஒற்றை பிராசசருக்கு மட்டும். ஈ5-2680 போல '2'-ல் தொடங்கினால் இரண்டு போடலாம்.

கடைசியில் வரும் 'வி' எண்ணும் முக்கியம். முதல் தலைமுறையும் வி2-வும் டிடிஆர்3 ரேம் காலத்தவை. அவற்றில் ஏவிஎக்ஸ்2 என்ற வசதி கிடையாது. அடோபி பிரீமியர் புரோவின் புதிய பதிப்புகள் அதைக் கேட்கின்றன. அதனால் வி3 அல்லது வி4 மட்டும் பாருங்கள்.

ஹெச்பி இசட்840, டெல் பிரிசிஷன் டி7810, லெனோவா திங்க்ஸ்டேஷன் பி710 ஆகியவை இந்தத் தலைமுறையில் இரண்டு பிராசசர் ஏற்கும் மாடல்கள்.

இரண்டு போட்டால் வேகமும் இரண்டு மடங்கா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு வேலையில் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி எப்போதும் கொஞ்சம் இருக்கும். 1967-ல் ஜீன் ஆம்டால் சுட்டிக்காட்டிய விதி இது.

ஒரு கோர் 100 நிமிடத்தில் முடிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். அதில் 10 நிமிட வேலையைப் பிரிக்கவே முடியாது என்றால், 14 கோரில் அது சுமார் 16 நிமிடத்தில் முடியும். 28 கோரில் சுமார் 13 நிமிடம். இரண்டாவது பிராசசர் மிச்சப்படுத்தியது வெறும் 3 நிமிடம்!

அதுவே பிரிக்க முடியாத பகுதி 1 நிமிடம்தான் என்றால், 8 நிமிடம் என்பது நாலரை நிமிடமாகக் குறையும். அப்போது இரண்டாவது பிராசசர் காசுக்குத் தகுந்தது.

எந்த வேலைக்கு லாபம்?

* பிளெண்டர் போன்ற 3டி மென்பொருளில் பிராசசர் மூலம் ரெண்டர் செய்வது. படத்தைக் கணக்கிடும் வேலை பிரிந்து எல்லா கோருக்கும் போகும்.
* மென்பொருள் மூலம் எச்.265 வடிவத்துக்கு மாற்றுவது, அதிலும் பல வீடியோக்களை ஒரே நேரத்தில் மாற்றுவது.
* ஒருபக்கம் ரெண்டர் ஓட, மறுபக்கம் வேறு வேலை பார்ப்பது.

எங்கே சொதப்பும்?

டைம்லைனில் வெட்டி ஒட்டும் அன்றாட எடிட்டிங்கில். கேமராவும் மொபைலும் பதிவு செய்யும் எச்.264, எச்.265 வீடியோக்கள் இறுக்கமாகச் சுருக்கப்பட்டவை. ஒரு ஃபிரேமைக் காட்ட, முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களையும் கணக்கிட வேண்டும். இந்த வேலைக்குக் கோர் எண்ணிக்கையை விட, ஒவ்வொரு கோரின் வேகமும், வீடியோவை விரிக்கத் தனியாக உள்ள சிப் பகுதியும்தான் முக்கியம்.

இன்டெல்லின் பெரும்பாலான சாதாரண பிராசசர்களில் 2011 முதல் 'குயிக் சிங்க்' என்ற அந்தப் பகுதி இருக்கிறது. ஜியான் ஈ5-ல் கிராபிக்ஸே கிடையாது என்பதால் இதுவும் இல்லை. 2023-ல் வந்த ஐ5-13500-ல் கோர்கள் 14-தான். ஆனால் 4கே கேமரா வீடியோவை டைம்லைனில் ஓட்டும்போது, கிராபிக்ஸ் கார்டு உதவி இல்லாத 28 பழைய கோர்களை விட அது வழுக்கிக்கொண்டு போகும்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, நல்ல கிராபிக்ஸ் கார்டு போடுவது. இன்னொன்று, எடிட் தொடங்கும் முன் வீடியோக்களைப் 'பிராக்ஸி' எனும் இலகுவான நகலாக மாற்றிக்கொள்வது. இரவில் மாற்றப் போட்டுவிட்டால் காலையில் எடிட் செய்யலாம்.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

பிராசசருக்குக் குறைவாகவும், கிராபிக்ஸ் கார்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் அதிகமாகவும் ஒதுக்குங்கள். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள் கலர் வேலைக்குக் கிராபிக்ஸ் கார்டையே பெரிதும் நம்பியிருக்கிறது. 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டு இந்தப் பழைய பெட்டிகளுக்குப் பொருத்தமான ஜோடி.

ரேமில் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனி ரேம் ஸ்லாட்டுகள் உண்டு. எல்லா ரேமையும் ஒரு பக்கமே சொருகினால், மற்ற பிராசசர் ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடிப்பது போல அங்கே போய் வர வேண்டும். வி4-ல் ஒரு பிராசசருக்கு 4 மெமரி சேனல். அதனால் பக்கத்துக்கு 4 வீதம் 8 ரேம்களைச் சமமாகப் போடுவது நல்லது. இவற்றுக்கான சர்வர் ரேம் சாதாரண போர்டில் வேலை செய்யாது. நாளை புது கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

விண்டோஸ் ஓடுமா?

விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரு பிராசசரை மட்டுமே பயன்படுத்தும். இரண்டும் ஓட வேண்டுமென்றால் புரோ பதிப்பு தேவை.

இன்னொரு சிக்கல்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வ பட்டியலில் ஈ5 வி3, வி4 இல்லை. லினக்ஸ் பழகியவர்களுக்கு பிளெண்டரும் கேடென்லைவும் டாவின்சி ரிசால்வும் அதில் ஓடும். பிரீமியர் ஓடாது.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

ஈ5-2680 வி4 ஒன்றின் வெப்ப அளவு 120 வாட். இரண்டுக்கே 240. கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து முழு வேலையில் 450 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். தினம் 6 மணி நேரம் ஓட்டினால் 2.7 யூனிட். இரண்டு மாத பில்லில் 162 யூனிட் கூடும். யுபிஎஸ்ஸும் அதற்கேற்ற அளவில் வேண்டும். பெட்டி விலையோடு இதையும் கூட்டிப் பாருங்க.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை

* டாஸ்க் மேனேஜரில் 'சாக்கெட்' என்ற இடத்தில் 2 என்று காட்டுகிறதா? மொத்த ரேமும் தெரிகிறதா?
* ஹெச்பி இசட்640 என்றால், இரண்டாவது பிராசசர் தனி ரைசர் போர்டில் வரும். அந்தப் போர்டு உள்ளே இருக்கிறதா?
* பவர் சப்ளை வேலை செய்கிறதா? பிராண்டட் பெட்டிகளில் அது தனி வடிவம். கெட்டுப்போனால் கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை பொருந்தாது.
* உங்கள் கேமரா வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள்.
* ஒரு ரெண்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள்.
* எத்தனை நாள் வாரன்டி? பில்லில் எழுதி வாங்குங்கள்.

அப்போ யார் வாங்கலாம்?

3டி ரெண்டர், மொத்தமாக வீடியோ மாற்றும் வேலை அதிகம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கல்யாண வீடியோ, யூடியூப் எடிட்டிங்தான் முக்கிய வேலை என்றால், அதே காசில் குயிக் சிங்க் உள்ள புதிய ஒற்றை பிராசசரும் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வாங்குவதே புத்திசாலித்தனம். விளம்பரத்தில் இருக்கும் கோர் எண்ணிக்கையைப் பார்க்கும் முன், உங்க நாளில் அதிக நேரம் எதுக்காகக் காத்திருக்கீங்கன்னு பாருங்க. ரெண்டர் முடியவா, டைம்லைன் நகரவா? அந்தப் பதிலை வைத்து வாங்கினால் காசு வீணாகாது.