ஒரு கம்பியும் இரு குரல்களும்

2002ஆம் ஆண்டு. முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தொலைபேசி இருந்தது. அதன் கம்பியைக் கழற்றி மோடத்தில் செருகினால் இணையம். மோடம் எண்களைச் சுழற்றும், கீச்சிடும், இரையும், பிறகு சட்டென்று அடங்கும். அந்த அடக்கமே இணைப்புக் கிடைத்ததற்கு அடையாளம். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்வதே அந்நாளில் என் இரவுப் பணி.

அப்படியோர் இரவில் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக இணைப்பிலிருந்தேன். ஊரில் அப்பத்தாவுக்கு மூச்சுத் திணறல் கண்டிருக்கிறது. சித்தப்பா கடைத்தெருவிலிருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து விடாமல் அழைத்திருக்கிறார். அவர் காதில் விழுந்ததெல்லாம் 'எங்கேஜ்டு' ஒலிதான். கடைக்காரர் கதவடைக்கும்வரை முயன்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். மறுநாள் முதல் பேருந்தில் ஆள் வந்து சொல்லித்தான் அப்பாவுக்குத் தம் தாயின் மறைவு தெரிந்தது. என்னை அவர் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை.

ஏன் அப்படி நேர்ந்தது என்று பின்னாளில் தேடிப் படித்தேன். அவ்வாறு கிடைத்த வரலாற்றையே நண்பர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தொலைபேசி மனிதக் குரலுக்காக அமைந்த கருவி. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களே பேச்சுக்குப் போதும் என்று தொலைபேசி இணைப்பகங்கள் வகுத்துக்கொண்டன. கணினியின் சுழிகளையும் ஒன்றுகளையும் இந்த எல்லைக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்றி அனுப்புவதும், மறுமுனையிலிருந்து வரும் ஒலிகளை மீண்டும் எண்களாக்குவதுமே மோடத்தின் தொழில். கணினி மனிதரைப் போலக் குரலெடுத்துப் பேசியது; ஆதலால் மனிதர் பேச அங்கே இடமில்லாது போயிற்று. 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் நொடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. 1998இல் நெறிப்படுத்தப்பட்ட மோடங்கள் 56,000 பிட்டுகளைத் தொட்டன. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டதும் இந்தத் தொலைபேசி வழியாகத்தான். வேகம் வளர்ந்ததே தவிர, ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும் என்னும் விதி மாறவில்லை.

வியப்பு என்னவென்றால், அந்தச் செம்புக் கம்பியில் இருவருக்கும் இடமிருந்தது. பேச்சு அதன் அடித்தட்டை மட்டுமே பயன்படுத்தியது; அதற்கு மேலே பரந்த வெளி வெறுமையாகக் கிடந்தது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜோசப் லெக்லைடர் 1980களின் பிற்பகுதியிலேயே ஒன்றைக் கண்டு சொன்னார்: வீட்டுக்கு வரும் தரவுக்கு அகன்ற பாதையும் வீட்டிலிருந்து போகும் தரவுக்குக் குறுகிய பாதையும் ஒதுக்கினால், இதே கம்பியில் பன்மடங்கு வேகம் பெறலாம். ஏ.டி.எஸ்.எல். என்ற முறை இவ்வாறு பிறந்தது. சுமார் 25,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இணையம், கீழே பேச்சு. இரண்டையும் பிரித்துக் கொடுக்கத் தீப்பெட்டி அளவிலான ஒரு 'ஸ்பிளிட்டர்' போதும். இந்திய அரசின் 2004ஆம் ஆண்டு அகலப்பட்டைக் கொள்கைக்குப் பின், 2005இல் பி.எஸ்.என்.எல். இதனை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. எங்கள் அப்பத்தா அதற்கு மூன்றாண்டுகள் முந்திவிட்டார்.

ஒரு வழியை இருவருக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கும் முறை இது. பாகம் பிரிக்காமல் பலரும் ஒரே வழியைப் பொதுவில் ஆளும் முறையும் உண்டு. அது பிறந்தது ஹவாய்த் தீவுகளில்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கணினி ஹொனலூலுவில் இருந்தது. அதன் கல்லூரிகளோ பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. பேராசிரியர் நார்மன் ஆப்ரம்சனும் குழுவினரும் வானொலி அலைகளை நாடினர். 1971 ஜூனில் 'அலோகாநெட்' இயங்கத் தொடங்கியது. எல்லா முனையங்களுக்கும் பேச ஒரே அலைவரிசைதான். யார் எப்போது பேசுவது? ஆப்ரம்சனின் விடை மிக எளியது. செய்தி உள்ளவர் உடனே அனுப்பட்டும். இருவர் ஒருசேர அனுப்பிச் செய்திகள் மோதிச் சிதைந்தால், மறுமொழி வாராது. அப்போது ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய அளவு காத்திருந்து மீண்டும் அனுப்பட்டும். இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படாது என்று கணக்குக் காட்டியது. ஆயினும் அது இயங்கியது.

இதைப் படித்துத் திருத்தியவர் ராபர்ட் மெட்காஃப். பேசுவதற்கு முன் வேறு யாரேனும் பேசுகிறார்களா என்று செவிமடுக்க வேண்டும். மோதல் நேர்ந்தால் உடனே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் ஒழுங்கை அவர் சேர்த்தார். 1973 மே 22 அன்று, கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் அவர் எழுதிய குறிப்பில் 'ஈதர்நெட்' என்ற பெயர் தோன்றியது. ஒளியைச் சுமந்து எங்கும் பரவியிருப்பதாக 19ஆம் நூற்றாண்டு அறிவியல் கருதிய ஊடகமே ஈதர். 1887இல் மைக்கல்சன், மோர்லி ஆகியோரின் சோதனை அதன் தடயத்தைக் காணாமல் திரும்பியது. தொல்காப்பிய மரபியல் ஐம்பூதங்களுள் ஒன்றாக எண்ணும் விசும்பை நினைவூட்டும் இப்பெயர், கடைசியில் ஒரு கம்பிக்கு வாய்த்தது! வானலையில் பிறந்த ஒழுக்கம் இவ்வாறு கம்பிக்குள் புகுந்தது. இன்று நம் ரௌட்டரின் பின்புறத்தில் நீலக் கம்பியைச் செருகும் துளை அந்த ஈதர்நெட்டின் வழிவந்ததே.

பிறகு அது மீண்டும் வெளிக்கு வந்தது. 1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் மைக்ரோவேவ் அடுப்புகள் போன்றவற்றுக்கு விட்டிருந்த சில அலைவரிசைகளை உரிமமின்றி எவரும் தகவல் அனுப்பப் பயன்படுத்தலாம் என்றது. 1997இல் கம்பியில்லா வலையமைப்புக்கான முதல் நெறி வெளியானது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் அது 11 மெகாபிட் ஆயிற்று. 'வைஃபை' என்ற பெயரும் வந்தது. அவ்வாண்டு ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், கம்பியேதும் இல்லை என்று காட்ட ஒரு வளையத்திற்குள் மடிக்கணினியை நுழைத்தெடுத்தார். அவர் அறிமுகம் செய்த பெட்டிக்குள் 56 கிலோபிட் மோடம் ஒன்றும் இருந்தது. கம்பியில்லா விந்தையின் மறுமுனை, பழைய தொலைபேசிக் கம்பிதான். வைஃபையிலும் செவிமடுத்துப் பேசும் ஒழுங்கே ஆள்கிறது. ஆனால் தான் பேசும்போது பிறர் குரல் தனக்குக் கேளாது என்பதால், மோதலைக் கண்டுபிடிப்பதை விடுத்து, அதைத் தவிர்க்கப் பார்க்கிறது.

நம்மவர் பங்கும் இதில் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 1990களில் 'கார்டெக்ட்' என்னும் முறையை உருவாக்கியது. ஊருக்கொரு கோபுரம், வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. செம்புக் கம்பியின்றி, பேச்சும் 35 கிலோபிட் இணையமும் ஒரே நேரத்தில். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் 2000களின் தொடக்கத்தில் இணைய மையங்கள் இதைக் கொண்டு இயங்கின. எங்கள் வீட்டில் ஒருவர் பேச மற்றவர் காத்திருந்த அதே காலம் அது.

இன்று எங்கள் வீட்டுக்குக் கண்ணாடி இழை வந்திருக்கிறது. முடியளவே பருமனுள்ள அதில் வரும் தரவு ஓர் ஒளி நிறத்திலும் போகும் தரவு வேறொரு நிறத்திலும் செல்கின்றன. அவ்வொளியைப் பல வீடுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ரௌட்டரை வீட்டின் நடுவே உயரத்தில் வைத்து, என் மேசைக் கணினிக்கு மட்டும் கம்பி இழுத்திருக்கிறேன். கைபேசிகள் வைஃபையில். நால்வர் ஒரே நேரத்தில் பேசலாம், படிக்கலாம், படம் பார்க்கலாம்.

ஆயினும் அப்பா தம் கைபேசியை எடுக்கும்போதெல்லாம், இருபதாண்டுப் பழக்கமாக, என் அறைப் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்கிறார்: "தம்பி, நெட்டுல இருக்கியா? ஊருக்குப் பேசலாமா?"

"பேசுங்கப்பா" என்கிறேன், ஒவ்வொரு முறையும்.