உப்பில்லாக் கீரை வந்த வழி

சட்டியில் கீரை வேகிறது. கூரைக்கழி இற்று விழுந்த அடுக்களை. கறையான் அரித்த சுவரில் காளான் பூத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் மடியை இழுக்க, பொறுக்கமாட்டாமல் குரைக்கிறது ஈன்ற நாய். கிணைப்பறை கொட்டும் குடும்பத்துப் பெண் குப்பைமேட்டில் நகத்தால் கிள்ளி வந்த வேளைக்கீரை அது. போட உப்பில்லை. ஊர்வாய்க்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு உட்கார்ந்து தின்கிறார்கள்.

இந்தக் கீரை வெந்தது 'சிறுபாணாற்றுப்படை'யில். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய்ப் பாலாற்றைத் தாண்டினால், கடப்பாக்கத்தைச் சுற்றி இடைக்கழிநாடு. இன்று செங்கல்பட்டு மாவட்டத்துப் பேரூராட்சி. ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரில் வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதுதான் பாட்டு. அந்த வழியில் எயிற்பட்டினம் வருகிறது. அது மரக்காணம் பக்கம் என்பது அறிஞர் பலர் கருத்து. உமணரின் உப்பு வண்டிகளும் இதே பாட்டில் போகின்றன. மரக்காணத்தில் இன்றும் உப்பளம் உண்டு. உப்பு விளையும் கரையில் பிறந்த பாட்டில்தான் உப்பில்லாத கீரை.

பாட்டு 269 அடி, ஆசிரியப்பா. அடிக்குப் பெரும்பாலும் நான்கு சீர். ஆனால் பனையோலையில் அடி என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஓலை முடிகிற இடம் வரை எழுத்தாணி ஓடும். மெய்க்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்கு இடையில் இடம் கிடையாது. பாட்டையும் வீட்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்தால் தோற்றம் ஒன்றுதான். வித்தியாசம் தெரிய வாய்விட்டுப் படிக்க வேண்டும். எதுகையும் மோனையும் வந்து விழுகிற இடத்தில் காது நிற்கும். அங்கே அடி பிறக்கும். உரையைப் பாட்டுக்கு எதிராளியாக நிறுத்தாமல், பாட்டோடு சேர்த்து யாப்பின் ஏழு வகைகளில் ஒன்றாகத் தொல்காப்பியர் எண்ணியது சும்மா இல்லை.

நூற்றாண்டுகள் போயின. வழக்கிழந்த சொற்கள் கூடக் கூட, கீரைக்கு உரைநடையின் துணை தேவைப்பட்டது. சிறுபாணாற்றுப்படை அடங்கிய பத்துப்பாட்டு முழுமைக்கும் உரை கண்டவர் நச்சினார்க்கினியர். பொருள் முடிபுக்காக, தொலைவில் கிடக்கும் சொற்களைக்கூட இழுத்து வந்து வாக்கியம் கட்டுவது அவர் வழக்கம். 1903-இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதிய மறைமலையடிகள் இந்த முறையைக் கடுமையாக மறுத்தார்: புலவர் வைத்த வரிசையும் பாட்டின் பகுதிதானே! ஆனாலும் நச்சினார்க்கினியர் இல்லாமல் பல இடங்கள் நமக்கு இன்று திறந்திருக்காது.

1889-இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அந்த உரையோடு அச்சிட்டார். காகிதத்தில் அடி கண்ணுக்கு வந்தது. மூலம் வரி வரியாக, ஓரத்தில் வெள்ளை இடம் விட்டு. உரை தனியாக, பக்கம் நிறைய. பாட்டு எது, உரை எது என்று இனிச் சிறுபிள்ளையும் விரல் வைத்துக் காட்டலாம். காதின் வேலையில் பாதியைக் கண் வாங்கிக்கொண்டது.

அடுத்த நூற்றாண்டில் அந்தக் கண்ணையே நம்பி ஒரு கவிதை எழுந்தது. பாரதி வசன கவிதை எழுதினார். ந.பிச்சமூர்த்தி தொடர்ந்தார். 1959-இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்கு வீடானது. சீர் எண்ணிக்கை போனது. எங்கே வரியை முறிப்பது என்பது கவிஞனின் முடிவானது. மடக்கி எழுதினால் கவிதையா என்று அன்று கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நத்தத்தனாரின் பாட்டு ஓலையில் மடக்காமலே பாட்டாக இருந்தது.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? கீரையையே கேட்கலாம். "பாணர் குடும்பம் வறுமையில் வாடியது" என்று தேர்வுத்தாளில் எழுதலாம்; தவறில்லை, மதிப்பெண்ணும் கிடைக்கும். அந்த வாக்கியத்தில் நாய் இல்லை, காளான் இல்லை, சாத்திய கதவு இல்லை. அவற்றையும் உரைநடையில் எழுதலாம். நான் மேலே எழுதியிருப்பதே உரைநடைதான். என்னுடைய வாக்கியங்களை நீங்கள் மாற்றி எழுதினாலும் செய்தி கெடாது. நத்தத்தனாரின் சீர் ஒன்றை நகர்த்தினால் அடி தடுக்கும், காது உடனே கண்டுபிடித்துவிடும். மாற்றினால் தாங்குவது உரைநடை; தாங்காதது பாட்டு.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். பதவுரை பக்கத்தில் இருக்கட்டும். முதல் தடவை மட்டும் அதை மூடி வைத்துவிட்டு, வாய்விட்டுப் படியுங்கள். 269 அடிக்கு அரை மணி நேரம் போதும்.