பலகையின் நீளத்தில யாருக்குப் பெருமை?

அறுகம் குடாவில் முதல்நாள் சர்ஃபிங் பழகப் போனபோது என்ர கண் ஸ்டைலான சின்னப் பலகையில. பழக்கினவர் தந்தது 9 அடிப் பலகை. தூக்கிக்கொண்டு நடக்கவே வெட்கமாயிருந்தது. அந்த வெட்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு.

பழைய ஹவாயில் பலகையின் நீளத்தைப் பிறப்பும் தீர்மானித்தது. 15 அடிக்கும் கூடிய 'ஓலோ' அரசகுலத்தாருக்கு உரியது. சாதாரண சனம் அதைவிடக் குட்டையான 'அலாயா'வில சறுக்கினது. 1960களின் நடுப்பகுதியிலும் 9, 10 அடிப் பலகைகள்தான் வழக்கம். 1967க்குப் பிறகு அவுஸ்திரேலியா, ஹவாய், கலிபோர்னியாவில் சில வருசத்துக்குள்ள அது 7 அடிக்கும் கீழ இறங்கிச்சு. கெட்டிக்காரருக்கு அது விடுதலை. நினைச்ச பக்கம் சட்டெண்டு திருப்பலாம். ஆனா பெருமை தலைகீழாச்சு. குட்டைப் பலகை திறமையின்ர அடையாளமாச்சு.

அலைக்கு இந்தப் பெருமை விளங்காது. நீளம், அகலம், தடிப்பு கூடினால் பலகை நல்லா மிதக்கும், ஆட்டம் குறையும், சின்ன அலையையும் பிடிக்கும். எழும்பி நிக்கப் பழகிற ஆளுக்கு வேண்டியது அதுதான். விழாமல் நிண்டு, அலையின் பக்கவாட்டில ஓடி, திருப்பவும் தெரிஞ்ச பிறகு கொஞ்சங்கொஞ்சமா நீளத்தைக் குறைக்கலாம்.

அதுவரைக்கும் நீளப் பலகையைக் கேட்டே வாங்குங்கோ. ஒருகாலத்தில அது அரசகுலத்துப் பலகை.