பழைய சிந்தசைசர்களும் மென்பொருள் மீளாக்கமும்: நாஞ்சில்நாட்டு இசை ஆவணத்தை முன்வைத்து ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

1960களின் இறுதியில் இந்தியாவில் ஒலிக்கத் தொடங்கிய சிந்தசைசர், கால் நூற்றாண்டுக்குள் தமிழ்த் திரையிசையில் நிலைபெற்றது. வழக்கொழிந்த அக்கருவிகளை இன்று மென்பொருள்கள் மீளாக்குகின்றன. இம்மீளாக்கம் கருவியின் ஒலியைக் காக்கிறது. கலைஞர் அமைத்த தொனிகளையும் வாசிப்பு முறையையும் அது தானாகக் காப்பதில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சிந்தசைசர், மென்பொருள் மீளாக்கம், திரையிசை, வில்லுப்பாட்டு, உடுக்கை, இசை ஆவணம்.

முன்னுரை

மின்னலைவுகளிலிருந்து ஒலியை உருவாக்கும் கருவி சிந்தசைசர். இதன் அனலாக் வகையில் மின்னழுத்தம் கூடக்கூடச் சுருதி உயரும். நாஞ்சில்நாடு 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த பகுதி. தமிழ், மலையாளம் ஆகிய இருமொழித் திரைப்பாடல்களும் இங்குக் கேட்கப்பட்டன. எனவே தென்னிந்தியத் திரையிசையில் இக்கருவி பெற்ற இடம், இப்பகுதியின் கேட்பு வரலாற்றிலும் ஒரு கூறாகிறது.

இந்தியாவில் சிந்தசைசர்

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியக் கலைஞர்கள் அதில் 1972 வரை உருவாக்கிய ஒலிநாடாக்கள் நெடுங்காலம் அறியப்படாதிருந்தன. பால் பர்கஸ் அவற்றை ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்தார்; 2023இல் அவை தொகுப்பாக வெளிவந்தன. நாடாக்கள் பேணப்பட்டமையாலேயே இவ்வரலாறு மீண்டது.

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து இசைத்தட்டாக வெளியிட்டார். அவர் பயன்படுத்திய ரோலண்ட் டிபி-303, கிதார் கலைஞருக்குத் துணையாகக் கீழ்ச்சுருதி ஒலியைத் தரவென உருவாக்கப்பட்டது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அதன் வசதியை அவர் இராக இயக்கத்திற்குப் பயன்படுத்தினார். கருவியைச் செய்தோர் கருதாத பயன்பாடு இது.

தென்னிந்தியத் திரையிசையில்

மலையாளத் திரையிசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் 1976இல் மறைந்தபின், அவர் சேர்த்துவைத்த இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் வாழ்ந்தது. அவர் மகன் ஏ.ஆர்.ரகுமான் பிற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்து வளர்ந்து, 1992இல் 'ரோஜா' படத்தின் வழி அறிமுகமானார். இதற்கிடையில் 1983இல் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி நெறிமுறை வந்தது. யமஹா டிஎக்ஸ்-7 என்னும் டிஜிட்டல் கருவியும் வெளியானது. இளையராஜா இசையமைத்த 'புன்னகை மன்னன்' (1986) கணினிவழி இசைக்கோப்புக்குத் தொடக்ககாலச் சான்றாகப் பரவலாகச் சுட்டப்படுகிறது.

மீளாக்கமும் அதன் எல்லையும்

மென்பொருள் மீளாக்கம் இரு வழிகளில் நிகழ்கிறது. ஒன்று, கருவியின் மின்சுற்று இயங்கும் முறையைக் கணக்கீட்டால் போலச்செய்வது. மற்றொன்று, ஒலியைத் துண்டுதுண்டாகப் பதிந்து மீட்டொலிப்பது. முன்னதில் இயக்கம் காக்கப்படுகிறது. பின்னதில் பதிவான கணம் மட்டுமே எஞ்சுகிறது.

மென்பொருளும் நிலையானதன்று. டிபி-303ஐ மீளாக்கிய 'ரீபர்த்' மென்பொருளின் ஐபேட் பதிப்பு, ரோலண்ட் நிறுவனம் எழுப்பிய அறிவுசார் சொத்துரிமை ஆட்சேபத்தால் 2017இல் விலக்கப்பட்டது. மறுபுறம், டிஎக்ஸ்-7இன் தொனிகள் எண் தரவுகளாக அமைந்தவை. 'டெக்செட்' என்னும் இலவச மென்பொருள் அத்தரவுகளை அப்படியே ஏற்று ஒலிக்கிறது. ஆனால் அக்கருவியின் நினைவகம் சிறு மின்கலத்தை நம்பியது. மின்கலம் தீர்ந்தால், தனியே சேமித்து வைக்கப்படாத தொனிகள் அழியும். ஆலையில் அமைந்த தொனிகள் எங்கும் கிடைக்கும். கலைஞர் தாமே அமைத்தவை மீளா.

நாஞ்சில்நாட்டுச் சான்று

வில்லுப்பாட்டின் பக்கவாத்தியங்களுள் ஒன்றான உடுக்கையை இங்கு ஒப்புநோக்கலாம். அதன் இடைக்கயிற்றை அழுத்தினால் தோலின் இழுவிசை கூடிச் சுருதி உயரும், தளர்த்தினால் தாழும். அனலாக் சிந்தசைசரில் மின்னழுத்தம் செய்யும் பணியை உடுக்கையில் கலைஞரின் கை செய்கிறது. ஒற்றை அடிகளாகப் பதிந்த உடுக்கை ஒலித்தொகுப்பில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை. கொடைவிழாவில் புலவரின் குரலுக்கேற்ப உடுக்கை ஏறியிறங்குவதை விசையழுத்தத்தால் மட்டும் மீட்க இயலாது. இயக்கத்தை அளந்து போலச்செய்யும் முதல் வழியே உடுக்கைக்குப் பொருந்தும்.

முடிவுரை

மாவட்டத்தின் மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கீபோர்டு இன்று இயல்பாகிவிட்டது. ஆயினும் நாட்டாரியல் களப்பணி பாடலைத் திரட்டும் அளவிற்குக் கருவியின் தொனியமைப்பைத் திரட்டுவதில்லை. கருவி, தொனித் தரவு, வாசிக்கும் கையின் காணொளி ஆகிய மூன்றும் ஒருங்கே பதிவாக வேண்டும். கருவியைப் பின்னரும் வாங்கலாம். மென்பொருளைப் பின்னரும் எழுதலாம். மின்கலம் தீருமுன் தரவைப் படியெடுப்பதும் மூத்த கலைஞர் வாசிக்கும்போதே பதிவு செய்வதும் தள்ளிப்போட இயலாத பணிகள். அகமதாபாத் நாடாக்களுக்குக் கிட்டிய காப்பகம், மேடைக் கலைஞரின் கருவிக்கும் அமைய வேண்டும்.