தொடக்க வட்டின் வரலாறு

பெட்டியின் திறப்பைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டால் அதனைத் திறப்பது எங்ஙனம்? கணினியை ஆக்கியோர் ஆதியில் எதிர்கொண்ட சிக்கலும் இத்தகையதே. கட்டளையின்றிக் கணினி யாதொன்றும் செய்யாது. அக்கட்டளைகள் அதன் நினைவகத்துள் இருத்தல் வேண்டும். அவற்றை வெளியிலிருந்து நினைவகத்துட் கொணர்வதும் ஒரு வேலையே. அவ்வேலைக்கும் கட்டளை வேண்டும். அந்த முதற் கட்டளையை எங்கிருந்து பெறுவது? தன் சப்பாத்தின் வாரைப் பற்றித் தன்னையே மேலே தூக்கும் மனிதனைப் பற்றி ஆங்கிலம் பேசுவோரிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. கணினி தானே விழித்தெழும் செயலை ‘பூட்’ என்று அழைக்கும் வழக்கம் அதிலிருந்தே பிறந்தது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் வில்க்ஸ் என்பாரின் தலைமையில் உருவான எட்சாக் என்னும் கணினி, 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி தன் முதற் கணக்கைச் செய்து முடித்தது. அதற்குரிய தொடக்கக் கட்டளைகளை வகுத்தவர் டேவிட் வீலர். அவை 31 கட்டளைகளே. தொலைபேசி நிலையங்களில் வழங்கிய சுழலும் ஆளிகளில் அவை நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தன. பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்துட் புகும். புகுந்து, துளையிட்ட தாள்நாடாவிலுள்ள ஏனைய கட்டளைகளை வாசிக்கும். அழியாத இடமொன்றிற் சிறியதொரு விதையை ஊன்றிவைத்து, அதன்வழியே பெரியதை வருவிக்கும் இம்முறையே இன்றுவரை நிலைத்திருக்கின்றது.

1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில், அழியா நினைவகச் சில்லொன்று அவ்விதையைத் தாங்கியது. அது நெகிழ்வட்டின் முதற் பகுதியிலுள்ள 512 பைற்றுகளை வாசித்து, ஆட்சியை அவற்றிடம் ஒப்படைக்கும். அச்சிறு பகுதியே பணிசெயல் முறைமையைத் தேடி அழைத்துவரும்.

பின்னர் இறுவட்டு வந்தது. அதிற் கோப்புகளை அடுக்கும் ஒழுங்கை ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் சர்வதேச நியமம் 1988இல் வகுத்தது. வட்டின் முதற் 16 பகுதிகளை, அதாவது 32,768 பைற்றுகளை, அந்நியமம் வெறுமையாக விட்டுவைத்தது. தொடக்கப் பதிவுக்கு அது ஓர் இடம் ஒதுக்கியதாயினும், அதனைக் கணினி எவ்வாறு கையாள வேண்டும் என்று கூறவில்லை. ஆதலால் நூற்றுக்கணக்கான நெகிழ்வட்டுகளின் சுமையைத் தாங்கவல்ல இறுவட்டு, தன்னைத் தொடக்கிவைக்க ஒரு நெகிழ்வட்டின் துணையை நாடி நின்றது.

இக்குறையை நீக்கியது 1995ஆம் ஆண்டு பீனிக்ஸ் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து வகுத்த ‘எல் ரொரிற்றோ’ என்னும் ஏற்பாடு. அப்பெயர் கலிபோர்ணியாவில் உள்ள மெக்சிக்க உணவகமொன்றின் பெயராகும். பூச்சியத்திலிருந்து எண்ணினால் 17ஆவதாக வரும் பகுதியில் ஒரு குறிப்பு. அது சுட்டும் இடத்தில் ஓர் அட்டவணை. அவ்வட்டவணை சுட்டும் இடத்தில் தொடக்க நிரல். படிப்படியாக வழிகாட்டும் இம்முறையால் இறுவட்டு தன் காலில் நின்றது.

இதன் பயனைச் சாதாரண மக்கள் உணர்ந்த காலம் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த 2001ஆம் ஆண்டிற்குப் பிற்பட்டது. அக்காலத்திற் பல கணினிகள் நிறுவற் கோப்புகளை வன்தட்டிலேயே தாங்கி, தனி வட்டு இன்றி விற்பனையாயின. வன்தட்டுப் பழுதுற்றால் முறைமையும் போம்; அதனை மீட்கும் வழியும் உடன் போம். முன்னெச்சரிக்கையாகக் கோப்புகளை இறுவட்டிற் பிரதி செய்தோர் பலர். ஆனால் அவ்வட்டுக் கணினியைத் தொடக்கவில்லை. கோப்பு ஒன்றேனும் குறையவில்லை. தொடக்க நிரலும் அதனைச் சுட்டும் அட்டவணையுமே இல்லை.

இதற்கு மாற்றாக அமைந்ததே வட்டுவிம்பம். ஒரு வட்டின் முதற் பைற்று முதல் இறுதிப் பைற்று வரை உள்ள அனைத்தையும் இருந்தவாறே கொண்ட ஒற்றைக் கோப்பு அது. ஐ386 என்னும் அடைவைப் பெயர் மாற்றாது வைத்து, 2,048 பைற்று அளவான தொடக்க நிரலை அதனோடு சேர்த்து, 512 பைற்று வீதம் 4 பகுதிகளை ஏற்றுமாறு அட்டவணையிற் குறித்தனர். எரிக் யங்டேல் என்பார் 1993இல் எழுதத் தொடங்கிய ‘எம்கே ஐஎஸ்ஓ எப்எஸ்’ போன்ற மென்பொருள்கள் இவ்வாறு விம்பம் ஆக்க உதவின. அவ்விம்பத்தை வட்டிற் பதித்தவன், வன்தட்டு அழிந்தபோதும் தன் கணினிக்கு மீண்டும் உயிரூட்டினான்.

ஜெர்மனியரான கிளவுஸ் குனொப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குனொப்பிக்ஸ்’ இன்னும் ஒருபடி மேற்சென்றது. வன்தட்டைத் தொடாமலே முழு முறைமையும் இறுவட்டிலிருந்து இயங்கியது. பழுதுற்ற கணினிகளிலிருந்து கடிதங்களையும் கணக்குகளையும் மீட்க அது பலர்க்குக் கைகொடுத்தது.

1988இல் வெறுமையாக விடப்பட்ட அந்த 32,768 பைற்றுகளும் வீணாகவில்லை. வன்தட்டுக்குரிய தொடக்கப் பகுதியை அவ்விடத்தில் எழுதியதால், ஒரே விம்பம் இறுவட்டிலிருந்தும் யூஎஸ்பி நினைவுக்கோலிலிருந்தும் கணினியைத் தொடக்கும் ஆற்றலைப் பெற்றது.

உடைமையாவது பொருளைச் சேர்த்து வைத்தல் மாத்திரமன்று. வேண்டிய வேளையில் அதனை இயக்க வல்லமை பெற்றிருத்தலுமாம். வீலரின் 31 கட்டளைகள் முதல் இன்றைய வட்டுவிம்பம் வரை நீளும் இவ்வரலாறு அவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.