குரோம்பேட்டை: ஒரு பெயரின் வரலாறு

ஊர்களுக்குப் பெயர் வாய்த்த வகையை ஆராய்ந்தால் உண்மைகள் பல வெளிப்படும். மன்னன் பெயர் தாங்கிய ஊர் உண்டு. ஆலயத்தால் பெயர் பெற்ற ஊர் உண்டு. இன்ன குலத்தார்க்கு இன்ன இடம் என்று பிரித்துக் காட்டும் பெயர்களும் உண்டு. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே உள்ள ஓர் ஊருக்கோ, தோல் பதனிடும் முறையொன்றின் பெயரே நிலைத்துவிட்டது! ரயிலில் ஏறுவோரும் இறங்குவோரும் நாள்தோறும் உச்சரிக்கும் குரோம்பேட்டை என்னும் பெயரிலே, சென்னைத் தென்புறத்தின் தொழில் வரலாறு பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது.

தோல் பதனிடுதல் தமிழகத்துக்குப் புதிதன்று. ஆவாரம்பட்டை ஊறிய நீரிலே வாரக்கணக்கில் தோலை இட்டுப் பக்குவப்படுத்தும் கலை நம்மவர் நன்கறிந்தது. அவ்வாறு பாதி பதனிட்ட தோல் கப்பலேறிப் பிரிட்டனுக்குச் சென்றது, அங்கே மெருகேறியது, இலாபமும் அங்கேயே தங்கியது. இங்கே தங்கியது எது? தீட்டு! தோலைப் பக்குவம் செய்த உழைப்பாளியைத் தொட்டால் தீட்டு என்றனர். அதே தோல் போர்த்த மத்தளத்தைக் கோவிலிலே முழக்கினால் மட்டும் புண்ணியம் என்றனர்.

இந்நிலையில்தான் ஆல்பிரட் சேட்டர்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார் சென்னையில் சில சோதனைகளைத் தொடங்கினார். 1898 இல் கலைத்தொழிற் பள்ளியிலே அலுமினியப் பாத்திரம் செய்து காட்டினார். அதன் பிறகு அவர் கவனம் தோலின் பக்கம் திரும்பியது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பார் 1884 இல் காப்புரிமை பெற்ற புதுமுறை ஒன்று உண்டு. மரப்பட்டைக்குப் பதிலாகக் குரோமிய உப்பைக் கையாளுவது அது. வாரங்கள் பிடித்த வேலை சில நாட்களில் முடியும். தோலும் நீருக்கும் வெப்பத்துக்கும் எளிதில் தளராது. சீமாட்டிகளின் காலணிக்காகவா சேட்டர்டன் இம்முறையை இங்கே முயன்றார்? இல்லை. கவலை ஏற்றத்திலே நீர் இறைக்கும் தோற்சால் விரைவில் அழுகிப்போகிறதே, உழவனுக்கு நீடித்து உழைக்கும் சால் வேண்டுமே என்பதே அவர் நோக்கங்களுள் முதன்மையானது. வெள்ளையர் ஆட்சியின் அதிகாரி ஒருவருக்கு இந்த எண்ணம் எழுந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நடந்தது என்ன? அரசே தொழில் நடத்துவதா என்று சென்னையின் ஐரோப்பிய வணிகர் முணுமுணுத்தனர். 1910 இல் இந்திய மந்திரி மார்லி இலண்டனிலிருந்து ஆணையிட்டார்: தொழிற்கல்வி புகட்டலாம், வாணிபத்தில் அரசு இறங்கலாகாது என்று! அரசாங்கத்தின் குரோம் தோல் பட்டறை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. பொதுவுடைமையாய் வளர்ந்திருக்கக்கூடிய தொழில், தனியார் முயற்சியாயிற்று. 1912 இல் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தை அடுத்துக் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். ஆலையின் பெயர் ஊரின் பெயராயிற்று.

முறை புதிது, கைகளோ பழையவை. தமிழகத்துத் தோல் ஆலைகளில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களே. இந்தக் கொடுமை நமக்கே உரியது என்றும் எண்ணவேண்டாம். அமெரிக்கத் தென்மாநிலமான அலபாமாவிலே, இரும்பும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் அருகருகே கிடைத்ததால் 1871 இல் பர்மிங்ஹாம் என்னும் ஆலை நகரம் எழுந்தது. உலைக்கு அருகே வேகும் வேலை நீக்ரோ மக்களுக்கு; உயர்ந்த கூலியும் மேற்பார்வையும் வெள்ளையருக்கு. கைதிகளைச் சுரங்க முதலாளிகளுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் அங்கே 1928 வரையில் நீடித்தது. அக்கைதிகளிலும் மிகப் பலர் கறுப்பரே! அங்கே நிறம், இங்கே சாதி.

1931 இல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத்தொடங்கியபின் தொழில்கள் இப்பாதையோரம் பெருகின. வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. எண்பதுகளின் இறுதியில் மூடுண்டது. 1958 இல் கிண்டித் தொழிற்பேட்டை, 1984 இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம். அவ்வளாகத்துக்கு இன்று காலைதோறும் திரளாகச் செல்லும் பெண்களைக் காண்போர், இவ்வட்டாரம் எவ்வளவு மாறிவிட்டது என்பதை உணர்வர்.

மாறாதது ஒன்று, நிலத்தடி நீர் பட்ட பாடு. தோலுக்கு உறுதி தந்த குரோமியம் கழிவோடு மண்ணில் இறங்கியது. குரோம்பேட்டையை அடுத்த நாகல்கேணிப் பகுதியின் நீரிலே அது கலந்திருப்பதை ஆய்வாளர் கண்டனர். வேலூர் மக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 இல் தீர்ப்பளித்தது: மாசு செய்தவனே ஈடு செய்யவேண்டும், கழிவைச் சுத்திகரிக்காத ஆலை மூடப்படவேண்டும். பல்லாவரம் வட்டாரம் அடங்கிய அன்றைய செங்கை மாவட்டமும் அத்தீர்ப்புக்கு உட்பட்டது. ஈட்டுத்தொகையைக் கணக்கிட்டு வசூலிக்கத் தனி அதிகாரம் அமைக்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கு முன்னதாக, உடனடித் தண்டமாக ஆலை ஒன்றுக்கு விதித்த தொகை 10,000 ரூபாய்.