வெள்ளை யானை

ஆங்கிலேயர் வழக்கில் ‘வெள்ளை யானை’ என்றொரு தொடர் உண்டு. பெரும் பொருள் செலவிட்டு எழுப்பப்பெற்றுப் பயனின்றிக் கிடக்கும் மாளிகை, கப்பல் வந்து அணையாத துறைமுகம், வருவாயை விழுங்கும் தொழிற்சாலை ஆகியவற்றை அவர்கள் அப்பெயரால் இகழ்வர். வைத்துக் காக்கவும் இயலாது, கைவிடவும் இயலாது என்னும் நிலையிலுள்ள உடைமை எதுவாயினும் அது வெள்ளை யானையே. இங்கிலாந்தின் கோயிற் சந்தைகளிலே வீட்டுக்கு வேண்டாத பழம் பொருள்களைக் குவித்து விற்கும் கடைக்கும் இதுவே பெயர். ஆங்கிலச் செய்தித்தாள்களின் வழியாகத் தமிழ் நாளேடுகளிலும் இத்தொடர் புகுந்து, அரசாங்கக் கூட்டுத்தாபனங்கள் நட்டமடையும் போதெல்லாம் தலைப்பெழுத்தில் வந்து நிற்கக் காண்கின்றோம்.

இத்தொடருக்குப் பிறப்புக் கதை ஒன்றும் கூறுவர். இன்று தாய்லாந்து எனப்படும் சீயத்தின் மன்னன், தன் சினத்துக்கு ஆளான அரசவையினன் ஒருவனை அழிக்க விரும்பினால், வெளிப்படையாகத் தண்டியாது, வெள்ளை யானை ஒன்றை அவனுக்குப் பரிசாக அனுப்பிவைப்பானாம். புனித விலங்காதலின் அதனை வேலை வாங்கலாகாது. அரசன் கொடையாதலின் விற்கவோ பிறர்க்கு ஈயவோ ஒண்ணாது. வளர்ந்த யானை நாளொன்றுக்கு மூன்று அந்தர் அளவு தழையும் புல்லும் உண்ணும். உண்டு உண்டே அது அவன் செல்வம் அனைத்தையும் தீர்த்துவிடும். ஆங்கில அகராதிகள் பலவும், பள்ளிப் பாடநூல்களும் இக்கதையையே விளக்கமாகத் தந்துள்ளன.

கதை சுவையானதுதான். ஆயினும் சீயத்தினதும் பர்மாவினதும் வரலாற்றை ஆராய்ந்தோர் அங்ஙனம் ஒரு தண்டனை நிகழ்ந்தமைக்குச் சான்று காணவில்லை. கண்டவை யாவும் அதற்கு நேர்மாறானவை.

முதற்கண் அவ்விலங்கின் நிறத்தையே நோக்குதல் தகும். சுண்ணம் தீட்டிய சுவர் போல வெளுத்த யானை எக்காட்டிலும் பிறப்பதில்லை. வெள்ளை யானை எனப்படுவதன் தோல் வெளிறிய சாம்பல் நிறமாகவோ செம்மை கலந்த கபில நிறமாகவோ இருக்கும். நீராட்டும் பொழுது இளஞ்சிவப்பாகத் தோன்றும். கண், அண்ணம், நகம், வாலின் மயிர் முதலியவற்றை அரண்மனை வல்லுநர் ஒவ்வொன்றாகச் சோதித்தே அது இலக்கணம் வாய்ந்த யானையா என்பதைத் துணிவர். சாதாரணக் கண்ணுக்கு அதற்கும் மற்றை யானைக்கும் வேறுபாடு புலப்படாமலே போகலாம். சீய மொழியில் வெண்மையைக் குறிக்குஞ் சொல் ‘காவ்’ என்பது. இவ்யானைக்கு அடைமொழியாய் வருஞ் சொல்லோ ‘பூயக்’. நிறங்குன்றிப் பிறந்தது என்பதே அதன் பொருள். ஆகவே தொடரின் நேர்ப்பொருளிலேயே பிழை தொடங்கிவிட்டது எனலாம். உட்பொருளின் பிழை அதனினும் பெரிது.

சீயரும் பர்மியரும் தேரவாத பௌத்தர். சித்தார்த்தர் கருவில் உதிக்குமுன், வெண்ணிற யானை ஒன்று தம் விலாவிற் புகுவதாக அன்னை மாயாதேவி கனவு கண்டார் என்பது பௌத்த மரபு. உலகாளும் சக்கரவர்த்திக்குரிய ஏழு இரத்தினங்களுள் யானையும் ஒன்று என அந்நூல்கள் கூறும். எனவே காட்டில் இத்தகைய யானை அகப்பட்டதென்றால், ஆளும் மன்னனின் அறத்துக்கு வானமே அளித்த சான்று அது என மக்கள் கொண்டனர். மழைக்கும் அதற்கும் தொடர்புண்டு என்ற நம்பிக்கையும் வேரூன்றியிருந்தது.

வெசந்தர சாதகக் கதையை இலங்கை நேயர்கள் நன்கறிவர். கண்டிக்கு அணித்தான தெகல்தொருவை விகாரையின் சுவர்களிலே 18ஆம் நூற்றாண்டுச் சித்திரக்காரர் அதனைத் தீட்டி வைத்துள்ளனர். வெசந்தரன் என்னும் அரசகுமாரனிடம், பஞ்சத்தால் வருந்திய கலிங்க நாட்டிலிருந்து பிராமணர் எண்மர் வந்து, மழை தரும் அவனுடைய வெள்ளை யானையை இரந்தனர். கேட்டதைக் கொடுக்கும் விரதம் பூண்டிருந்த அவனும் தயங்காது ஈந்தான். நாட்டு மக்கள் கொதித்தெழுந்தனர். நாட்டின் வளத்தையே கொடுத்துவிட்டான் என்று முறையிட்டு, அவனை மனைவி மக்களுடன் காட்டுக்குத் துரத்துமாறு தந்தையை வற்புறுத்தினர். அவ்வாறே அவன் துரத்தப்பட்டான். சீயத்து ஊர்தோறும் ஆண்டுக்கொரு முறை பெருவிழாவாக ஓதப்படும் கதை இது. வெள்ளை யானையைப் பிறர்க்கு ஈந்தமைக்காக அரசகுமாரனையே நாடு கடத்திய கதையைக் கேட்டு வளர்ந்த மக்கள், தம் மன்னன் அரசவையினர்க்கு வெள்ளை யானைகளை வழங்குவதை வாளாவிருந்து பார்த்திருப்பார்களா?

கொடுப்பது ஒருபுறமிருக்க, கொடாமைக்காக நடந்த போர் வரலாற்றில் நன்கு பதிவாகியுள்ளது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீயத்தின் தலைநகராய் விளங்கியது அயுத்தியா. இராமபிரானின் அயோத்தியே அப்பெயராய்த் திரிந்தது. அங்கு ஆண்ட மன்னன் மகா சக்கரபத். ‘சக்கரவர்த்தி’ என்னும் வடசொல்லே அவன் பெயரிலும் ஒலிக்கின்றது. அவனிடம் வெள்ளை யானைகள் ஏழு இருந்தன. மேற்கே பெகுவைத் தலைநகராகக் கொண்டு பர்மாவை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்திருந்த பயின்னவுங் என்பான், அவற்றுள் இரண்டைத் தனக்கு அனுப்புமாறு தூது விடுத்தான். கேட்டது விலங்கையன்று, ‘சக்கரவர்த்தி நீயோ யானோ’ என்னும் வினாவே அத்தூதின் உள்ளுறை. அனுப்பினால் அடிமை, மறுத்தால் போர். படையெடுப்புக்கு அது வெறுஞ் சாக்கே எனக் கூறும் வரலாற்றாசிரியரும் உளர்; அது பொருத்தமாகவே தோன்றுகின்றது. எனினும் வேறு எதனைச் சாக்காகக் கொண்டிருந்தாலும் சீயத்து மன்னனுக்கு அத்துணை இக்கட்டு நேர்ந்திராது.

மகா சக்கரபத் மறுத்தான். 1563இல் பர்மியப் படை புறப்பட்டது. 1564இன் தொடக்கத்தில் அயுத்தியா பணிந்தது. இரண்டு கேட்டவன் நான்கு யானைகளைக் கொண்டு சென்றான் என்பது சீய வரலாற்று ஏடுகளின் கூற்று. யானைகளோடு, போரை வலியுறுத்திய இளவரசன் இராமேசுவனும் பிணையாகச் சென்றான். ஐந்தாண்டுகளின் பின்னர், 1569இல், அயுத்தியா மறுபடியும் முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது.

பெகுவின் யானைகளை நேரிற் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் உண்டு. இலண்டன் வணிகரான றால்ஃப் பிற்ச் என்பார் 1583இல் ‘டைகர்’ என்னும் கப்பலேறி, பாரசீகக் குடாவையும் கோவாவையும் அக்பரின் நாட்டையும் கடந்து, 1586இல் பெகுவை அடைந்தார். அப்பொழுது பயின்னவுங்கின் மகன் நந்தபயின் அரசுகட்டிலில் இருந்தான். மீளும் வழியில், 1589 மார்ச்சு மாதத்தில், போர்த்துக்கேயர் வசமிருந்த கொழும்பிலும் சில நாள் தங்கிச் சென்றார் பிற்ச். இலங்கையைக் கண்டு எழுதிய ஆங்கிலேயருள் முதல்வராக அவரைக் கருதுவர். அவருடைய பயணக் குறிப்பு, நூற்றாண்டின் இறுதியில் ஹக்லூயிற் என்பார் தொகுத்த பெருநூலில் வெளிவந்தது.

அரண்மனைக்குள்ளே நான்கு வெள்ளை யானைகள் நின்றன என்கின்றார் பிற்ச். ஒவ்வொன்றுக்கும் பொன் பூசிய தனி இல்லம். உண்பதற்கு வெள்ளிக் கலங்கள். நாள்தோறும் ஆற்றுக்கு நீராடச் செல்லும் பொழுது, அறுவரோ எண்மரோ பிடித்த பட்டு விதானத்தின் கீழ் யானை நடக்கும். முன்னே முரசும் குழலும் முழங்கும். நீராடிக் கரையேறியதும் வெள்ளித் தாம்பாளத்தில் அதன் பாதங்களைக் கழுவுவதற்கென்றே அரசன் நியமித்த பெருமகன் ஒருவன் காத்திருப்பான். பிற மன்னனிடம் வெள்ளை யானை இருப்பதாகக் கேள்வியுற்றால் பெகு மன்னன் ஆளனுப்பிக் கேட்பான் என்றும், கிடையாதாயின் நாட்டின் பெரும்பகுதியை இழக்க நேரினும் போர் தொடுப்பான் என்றும் அவர் எழுதினார்.

வணிகர் கண்ணுக்கு மற்றொன்றும் தப்பவில்லை. புதிய வெள்ளை யானை தலைநகருக்கு வரும் பொழுது, நகரிலுள்ள வணிகர் அனைவரும் சென்று அதனைக் காணவேண்டும் என்பது கட்டளை. கண்டவர் ஒவ்வொருவரும் அரை டக்கற் காணிக்கை செலுத்த வேண்டும். வணிகர் தொகை பெரிதாதலின் அதனால் திரண்ட பணமும் பெரிது என்கின்றார் பிற்ச். உடையவனை ஓட்டாண்டியாக்கும் யானை என ஆங்கில மொழி பின்னாளிற் பேசிய அதே யானை, உடையவனுக்கு வரி ஈட்டித் தந்ததாக முதலிற் கண்ட ஆங்கிலேயர் குறித்து வைத்திருக்கின்றார்! சுமை இருந்தது உண்மை. அதனைத் தாங்கியவன் அரசவையினன் அல்லன். அரை டக்கற் கொடுத்த வணிகனும், முற்றுகையிற் பட்டினி கிடந்த அயுத்தியாவின் குடிமகனுமே தாங்கினர். ஆங்கிலக் கதை அவர்களைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

பெகுவின் செல்வமும் நிலைக்கவில்லை. 1599இல் தௌங்கூப் படையும் அரக்கான் படையும் சேர்ந்து அந்நகரைச் சூறையாடின. நந்தபயினின் மகளும் ஒரு வெள்ளை யானையும் அரக்கான் மன்னனுக்குரிய பங்கில் அடங்கினர்.

பிற்காலச் சீயத்திலும் வெள்ளை யானை சென்ற திசை ஒன்றே: குடியிடமிருந்து கோவுக்கு. 1921இல் இயற்றப்பெற்ற காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம், அத்தகைய யானையைப் பிடித்தவன் அதனை அரசனிடம் ஒப்படைத்தல் வேண்டும் என விதித்தது. 1917 வரை சீயத்தின் தேசியக் கொடியில் செந்நிறத்தின் நடுவே நின்றது வெள்ளை யானை. மொங்குற் மன்னர் 1861இல் ஏற்படுத்திய ‘வெள்ளை யானை’ விருது இன்றும் வழங்கப்படுகின்றது. அதனை மார்பில் அணிந்த பிரித்தானியப் பிரமுகரும் உளர். அதே 1861இல் மொங்குற் மன்னர் அமெரிக்க நாட்டுக்கு யானைகளை அனுப்ப முன்வந்தார். அவை வெள்ளை யானைகளல்ல. காட்டிற் பெருக விட்டுப் பாரஞ்சுமக்கப் பழக்குதற்குரிய சாதாரண யானைகளே. தம் நாட்டின் தட்பவெப்பம் யானைக்கு ஏற்றதன்று, நீராவியே அங்கு பாரம் இழுக்கின்றது என்று ஆபிரகாம் லிங்கன் 1862 பெப்ரவரியில் பணிவுடன் மறுமொழி விடுத்தார்.

அங்ஙனமாயின் இகழ்ச்சிப் பொருள் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது ஆங்கிலத்தில் பரவலாயிற்று. ஏரிழுக்காத, மரம் இழுக்காத, போருக்கும் செல்லாத விலங்கொன்று பொன்னில்லத்தில் வாழ்வதைக் கீழைத்தேயஞ் சென்று மீண்டோர் வியந்து எழுதினர். இயந்திரத் தொழிலால் செல்வம் ஈட்டிய ஒரு சமுதாயம், வருவாய் ஒருபுறமும் செலவு மறுபுறமுமாக யாவற்றையும் கணக்கேட்டில் ஏற்றிப் பார்த்தது. அக்கணக்கேட்டில் மங்கலம், அரசுரிமை, மழை என்பவற்றை எழுதுதற்குப் பத்தி இல்லை. தீனிச் செலவு மட்டுமே எஞ்சியது. பின்னர் அச்செலவுக்கு ஒரு காரணக் கதையும் வேண்டப்பட்டது. வஞ்சனை மிக்க கீழைத்தேய மன்னன் என்னும் பாத்திரம் ஐரோப்பியர் கற்பனையில் முன்னரே ஆயத்தமாய் இருந்தமையால் கதை எளிதில் ஒட்டிக்கொண்டது எனக் கருத இடமுண்டு.

1884இல் நிகழ்ந்த வேடிக்கையொன்று இதற்குத் துணைசெய்தது. அமெரிக்கக் காட்சி முதலாளி பார்ணம் என்பார் பெருமுயற்சியோடு பர்மாவிலிருந்து வெள்ளை யானை ஒன்றைத் தருவித்தார். பால்வண்ண யானையைக் காணப் பணங்கொடுத்துக் கூடிய மக்கள், ஆங்காங்கே இளஞ்சிவப்புப் புள்ளி படர்ந்த சாம்பல் நிற யானையைக் கண்டு ஏமாந்தனர். அவருடைய போட்டியாளரான போர்ப்போ சாதாரண யானை ஒன்றுக்கு வெண்ணிறம் பூசிக் காட்சிக்கு நிறுத்தினார். அதுவன்றோ வெள்ளை யானை என்று மக்கள் அங்கே திரண்டனர்! பூச்சு விரைவில் வெளிப்பட்டது. உண்மை யானை நிறம் போதாதென்று நகைக்கப்பட, பொய் யானை நிறத்தால் பொருள் ஈட்டியது.

இத்தொடர் தமிழில் வந்து குடியேறிய இடமும் வெற்றிடமன்று. இந்திரனின் ஐராவதம் வெள்ளை யானை. சீயர் அதனையே ‘எராவன்’ என்பர். துருவாசர் சாபத்தால் வருந்திய அவ்யானை மதுரையில் சாபம் நீங்கப்பெற்றதைத் திருவிளையாடற் புராணம் தனிப் படலமாகப் பாடும். சுந்தரமூர்த்தி நாயனார் கயிலை சென்றது வெள்ளானை மீது. பெரிய புராணத்தின் இறுதிச் சருக்கத்துக்குப் பெயரே வெள்ளானைச் சருக்கம். சைவப் பிள்ளைகள் பாட்டியின் மடியிலிருந்து கேட்ட வெள்ளானை வீடுபேற்றுக்கு ஏற்றிச் செல்லும் ஊர்தி. அதே பிள்ளைகள் வளர்ந்து நாளேட்டை விரித்தால், மூடுவிழாக் காணவிருக்கும் தொழிற்சாலை ஒன்றின் பெயராக அது நிற்கின்றது.

பராமரிக்கவொண்ணாப் பெருஞ்செலவைச் சுட்டத் தமிழர்க்குச் சொல் இல்லாமற் போகவுமில்லை. ‘ஆனையைக் கட்டித் தீனி போட முடியுமா?’ என்று நாட்டுப்புறத்தார் கேட்பர். தகுதிக்கு மிஞ்சிய வண்டி வாங்க விரும்பும் மகனை நோக்கித் தாயும், மருமகளின் சேலைச் செலவை நோக்கி மாமியாரும் கேட்கும் கேள்வி அது. அதில் வரும் யானை எந்நாட்டு மன்னன் அனுப்பியதுமன்று. அதற்கு நிறம் யாதென்று கேட்டாரும் இல்லை.